தளம் போடுவதற்கு முன்னால் எந்த விளக்கை முடிவு செய்ய வேண்டும்?

கேள்வி: ஐயா, பட்டுக்கோட்டை பக்கம் ஒரு கிராமத்தில் 30க்கு 40 மனையில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். கணவர் மஸ்கட்டில் வேலை பார்க்கிறார். கட்டட வேலையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சென்டரிங் அடித்தாகிவிட்டது, கம்பி கட்டிக்கொண்டிருக்கிறார்கள், அடுத்த வாரம் தளம். "எங்கெங்க லைட் பாயின்ட் வேணும், இப்பவே சொல்லிடுங்கக்கா" என்று எலக்ட்ரீஷியன் தினமும் கேட்கிறார். 12க்கு 16 ஹாலுக்கு இரண்டு ஃபேன், ஒன்பது டவுன்லைட் (சீலிங்கிலிருந்து நேர் கீழே அடிக்கும் சின்ன விளக்கு) என்று அவரே பலகையில் சாக்பீஸால் வட்டம் போட்டும் வைத்துவிட்டார். கணவர் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, ஃபால்ஸ் சீலிங் போட்டு அதன் ஓரத்தில் மறைவாக எரியும் விளக்கு வேண்டும் என்கிறார். கொழுந்தனாரோ ரூமுக்கு ஒரு டியூப் லைட் போதும், மற்றதெல்லாம் வீண் செலவு என்கிறார். மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. பையன் பத்தாம் வகுப்பு. எத்தனை வாட்ஸ், வெள்ளையா மஞ்சளா, எதை எங்கே வைப்பது, ஒன்றும் பிடிபடவில்லை. வழி சொல்லுங்கள்.

பதில்: வணக்கம் சகோதரி.

வாட்ஸ், நிறம், கம்பெனி, டிசைன் இதெல்லாம் பெயின்ட் அடிக்கும் வரைக்கும் காத்திருக்கும். அடுத்த வாரத்துக்குள் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது, கான்கிரீட்டுக்குள் போய் மறையப்போகிறவற்றை மட்டும்தான். ஃபேன் பாக்ஸ், சீலிங்கில் விளக்கு வரும் இடத்துக்கான ஜங்ஷன் பாக்ஸ், அங்கிருந்து சுவருக்கு இறங்கும் பைப். அவ்வளவுதான். அதனால் எலக்ட்ரீஷியன் அவசரப்படுத்துகிறாரே என்று இன்றைக்கே கடைக்குப் போய் விளக்கு பார்க்க வேண்டாம்.

அவர் கேட்கும் கேள்வியையே கொஞ்சம் தள்ளி வையுங்கள். "எத்தனை பாயின்ட்?" என்பது அவருடைய கூலிக் கணக்குக்கான கேள்வி. உங்களுக்கான கேள்வி, யார் எங்கே உட்கார்ந்து, எந்தப் பக்கம் பார்த்து, என்ன செய்யப்போகிறார்கள் என்பது. பிளானை நாலு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் பென்சிலால் சோபா, டிவி, கட்டில், பீரோ, படிக்கிற மேசை, அடுப்பு, சிங்க், மிக்ஸி, முகம் பார்க்கும் கண்ணாடி, சாமி அலமாரி எல்லாவற்றையும் வரையுங்கள். கட்டிலுக்குத் தலைமாடு எது என்று குறியுங்கள். கதவுகள் எந்தப் பக்கம் திறந்து எந்தச் சுவரோடு போய் ஒட்டும் என்பதையும் வளைகோடாக வரையுங்கள். இது முடிந்த பிறகுதான் விளக்கு. விளக்கை முதலில் வைத்துவிட்டுச் சாமான்களை அதற்கு ஏற்றாற்போல் நகர்த்துகிற வீடுகள்தான் அதிகம். அங்கெல்லாம் வெளிச்சம் தரைக்குப் போகும், ஆளுக்கு வராது.

முதலில் உங்கள் ஹாலில் அந்தச் சாக்பீஸ் வட்டங்கள். மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று என்று சமமாகப் பிரித்திருப்பார். அப்படியென்றால் 16 அடி நீளத்தில் விளக்குகள் சுமார் 2 அடி 8 அங்குலம், 8 அடி, 13 அடி 4 அங்குலம் என்ற இடங்களில் விழும். இரண்டு ஃபேன்கள் 4 அடியிலும் 12 அடியிலும் வரும். நடு வரிசையின் முதல் விளக்குக்கும் அதன் பக்கத்து ஃபேனின் மையத்துக்கும் இடையே 1 அடி 4 அங்குலம்தான் இருக்கிறது. 48 அங்குல ஃபேனின் இறக்கை மையத்திலிருந்து 2 அடி நீள்கிறது. ஆக, ஒன்பதில் இரண்டு விளக்குகள் சுற்றுகிற இறக்கைக்கு நேர் மேலே உட்காரும். ஃபேன் ஓடும்போது ஹால் முழுக்க வெளிச்சம் படபடவென்று வெட்டிக்கொண்டே இருக்கும். சிலருக்குத் தலைவலியே வரும். பலகையில் டேப்பை வைத்து நீங்களே அளந்து பாருங்கள்.

சீலிங்கில் விளக்கு வைத்தே ஆக வேண்டுமென்றால், இறக்கை நுனியிலிருந்து குறைந்தது ஒன்றரை அடி வெளியே, அதாவது ஃபேன் மையத்திலிருந்து மூன்றரை அடிக்கு அப்பால் இருக்கட்டும். ஃபேன் சீலிங்குக்கு ஒரு அடி கீழே தொங்குகிறது. விளக்கு அவ்வளவு தள்ளியிருந்தால் இறக்கையில் படுவது அதன் ஓரத்து ஒளி மட்டும்தான். நிழல் ஆட்டம் கண்ணை உறுத்தாது.

வெளிச்சக் கணக்கையும் பார்த்துவிடுவோம். வாட்ஸ் என்பது விளக்கு சாப்பிடும் கரண்ட். அது தரும் வெளிச்சம் லூமென். தரையிலோ மேசையிலோ வந்து விழும் வெளிச்சம் லக்ஸ். ஒரு சதுர மீட்டரில் ஒரு லூமென் விழுந்தால் ஒரு லக்ஸ். உங்கள் ஹால் 192 சதுர அடி, சுமார் 17.8 சதுர மீட்டர். பேசி, சாப்பிட்டு, பேப்பர் புரட்டுகிற ஹாலுக்கு 150 லக்ஸ் போதும். பெருக்கினால் 2,700 லூமென் வரும். ஆனால் விளக்கிலிருந்து கிளம்பும் வெளிச்சம் முழுதும் கீழே வந்து சேராது. சுவர் தின்னும், மேலே படியும் தூசி தின்னும். பாதி போய்விடும் என்று வைத்து இரட்டிப்பாக்கினால் 5,400 லூமென். ஒரு 20 வாட்ஸ் எல்இடி டியூப் ஏறத்தாழ 2,000 லூமென் தரும். இரண்டு டியூப், இரண்டு 9 வாட்ஸ் சுவர் விளக்கு, கணக்கு முடிந்தது. அந்த ஒன்பது டவுன்லைட்டும் 12 வாட்ஸ் என்று வைத்தாலும் தேவைக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. கொழுந்தனார் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது என்று இதற்காகத்தான் சொல்கிறேன். மீதிப் பாதிக்குப் பிறகு வருகிறேன்.

அந்த இரண்டு டியூபையும் எந்தச் சுவரில் வைப்பது? டிவி 12 அடிச் சுவரில், சோபா அதற்கு எதிரே என்றால், டியூப்கள் 16 அடிச் சுவர்களில் பக்கத்துக்கு ஒன்றாக, 8 அடி உயரத்தில். சோபாவுக்குப் பின்சுவரில் வைத்தால் டிவி திரையில் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். டிவி சுவரிலேயே வைத்தால் பார்க்கிறவர்களின் கண்ணில் அடிக்கும். சுவர் விளக்கில் ஒன்று டிவிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ராத்திரி மற்றதை அணைத்துவிட்டு டிவி பார்க்கும்போது கண்ணுக்கு அது ஒன்றே இதமாக இருக்கும். இவை எல்லாமே சுவர்ப் பாயின்ட்கள். இவற்றுக்காக அடுத்த வாரத் தளத்தில் விளக்கு பாக்ஸ் எதுவும் பதிக்க வேண்டியதில்லை.

அப்படியானால் கணவர் கேட்கும் ஃபால்ஸ் சீலிங்? அதற்கு இன்றைக்கே ஒன்பது பாக்ஸ் பதிக்க வேண்டியதே இல்லை. நாளைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டால் விளக்குகளுக்கான ஒயர் ஜிப்சம் பலகைக்கும் தளத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளியில்தான் ஓடும். அதற்குத் தளத்தில் ஒரே ஒரு பாக்ஸ் போதும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலே, சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி ஒரு ஆழமான ஜங்ஷன் பாக்ஸ் வையுங்கள். அதிலிருந்து போர்டுக்கு ஒரு அங்குல பைப் இறக்குங்கள், முக்கால் அங்குலம் வேண்டாம். பின்னால் அதில் மூன்று தனித்தனி சுவிட்ச் லைன் இழுக்க இடம் இருக்கும். ஃபால்ஸ் சீலிங் வந்தால் அங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள், வராவிட்டால் ஒரு மூடியோடு பெயின்டுக்குள் மறைந்துவிடும். ஒன்பது பாக்ஸை ஒன்றாக்கியதில் மிச்சமாகும் பைப்பையும் கூலியையும் ரூமுக்கு ஒரு கூடுதல் பிளக் பாயின்டுக்குச் செலவிடுங்கள். அது கட்டாயம் பயன்படும்.

சிலர் தளத்திலேயே வட்டமான கன்சீல்டு பாக்ஸ் பதித்து, அதற்குள் எல்இடி விளக்கைச் செருகிவிடச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளக்கு சில வருடங்களில் போகும். அன்றைக்குக் கடையில் கிடைக்கும் விளக்கின் அளவு இந்தக் குழிக்குப் பொருந்தாவிட்டால் கான்கிரீட்டையா கொத்த முடியும்?

ஒரு விஷயத்தைக் கணவரிடம் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். வரும்போது மஸ்கட்டிலிருந்து சாண்ட்லியர் ஏதாவது தூக்கிக்கொண்டு வரும் யோசனை இருக்கிறதா? சிரிக்காதீர்கள், உங்கள் பக்கத்தில் இது வழக்கமாக நடப்பதுதான். இருந்தால் அந்த இடத்தில் வெறும் ஜங்ஷன் பாக்ஸ் போதாது, கொக்கியுள்ள ஃபேன் பாக்ஸே வேண்டும். எடையைத் தாங்குவது தளத்துக் கம்பியோடு கட்டிய அந்தக் கொக்கிதான்.

தளத்துக்கு முன் உண்மையில் கவலைப்பட வேண்டியது ஃபேன் பாக்ஸைப் பற்றி. அறையின் நட்டநடுவில் வைப்பதுதான் எல்லோருடைய பழக்கம். உங்கள் பெட்ரூம் 10க்கு 12 என்று வைத்துக்கொள்வோம். ஒரு பக்கச் சுவர் முழுக்க 2 அடி ஆழத்துக்குக் கப்போர்டு வந்தால், மிச்சம் இருக்கிற அறை 10க்கு 10தான். ஃபேன் அந்த 10க்கு 10க்கு நடுவில் இருக்க வேண்டும், அதாவது இப்போதைய மையத்திலிருந்து ஒரு அடி தள்ளி. இல்லையென்றால் காற்று கப்போர்டுக் கதவுக்கு வீசும், கட்டிலின் ஓரத்தில் படுக்கிறவருக்கு வேர்க்கும். விளக்கை எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், ஃபேன் கொக்கியை முடியாது. பலகையில் அளந்து ஆணி அடித்து வைத்துவிடுங்கள்.

தளம் போடும் அன்று காலையில் எலக்ட்ரீஷியனோ அவருடைய ஆளோ கட்டாயம் இருக்க வேண்டும், கான்கிரீட் போட்டு முடியும் வரை. கொத்து ஆட்களும் சித்தாட்களும் கம்பிமேல் நடக்கும்போதோ வைப்ரேட்டர் இறக்கும்போதோ பைப் விலகிவிடும், அந்த நிமிஷமே பார்த்தால் சரி செய்யலாம். முன்னதாகவே மேலே ஏறி நீங்களும் ஒரு சுற்று பாருங்கள். பைப் இணைப்பு ஒவ்வொன்றிலும் சொல்யூஷன் தடவியிருக்கிறதா, பாக்ஸ்களுக்குள் பேப்பர் திணித்து டேப் ஒட்டியிருக்கிறதா, திருப்பங்களில் எல்போ போடாமல் நீளமான பெண்ட் போட்டிருக்கிறதா, நாலைந்து பைப் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே இடத்தில் போகாமல் இடைவெளி விட்டிருக்கிறதா. எல்போ இருந்தால் ஒயர் இழுக்கும் நாளில் ஆளே தொங்கினாலும் வராது. பிறகு செல்போனை எடுத்து, டேப்பை இரண்டு சுவர்களிலிருந்தும் நீட்டி அளவு தெரியும்படி எல்லா பாக்ஸையும் பைப் போகும் வழியையும் வீடியோ எடுத்துக் கணவருக்கு அனுப்பிவிடுங்கள். உங்களிடம் தொலைந்தாலும் அவரிடம் இருக்கும். பின்னாளில் ஃபால்ஸ் சீலிங்குக்கோ ஊஞ்சலுக்கோ துளை போடும்போது இதைவிட உபயோகமான ஆவணம் உங்களிடம் வேறு இருக்காது.

தளம் ஆறின பிறகு சுவர் வெட்டுவதற்கு முன் உங்களுக்கு நல்ல அவகாசம் கிடைக்கும். மற்ற அறைகளை அப்போது யோசித்தால் போதும். கொழுந்தனார் சொன்னதில் மீதிப் பாதி எங்கே தவறுகிறது என்பது சமையலறைக்குப் போனால் புரியும்.

நம் வீடுகளில் சமையலறை டியூப் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் வாசல்படிக்கு மேலே, அல்லது மேடைக்கு எதிர்ச்சுவரில். கிழக்கு பார்த்து நின்று சமைக்கிறீர்கள், விளக்கு முதுகுக்குப் பின்னால் மேற்குச் சுவரில். உங்கள் தலையின் நிழல், தோளின் நிழல் எல்லாம் மேடைமேல் விழுகிறது. போதாததற்குத் தலைக்கு மேலே 7 அடியில் 2 அடி அகல லாஃப்ட் வேறு சீலிங்கிலிருந்து வருவதை மறைக்கிறது. ரூமுக்கு வெளிச்சம் இருக்கிறது, கத்தி இறங்கும் இடத்தில் இல்லை. முருங்கைக்கீரை உருவும்போது இலைக்கு அடியில் ஒட்டியிருக்கும் பூச்சி, அரிசியில் கிடக்கும் கல், தாளிக்கும்போது உளுந்து சிவந்ததா கருகியதா, எல்லாம் இந்த நிழலுக்குள்தான் நடக்கிறது. வாட்ஸைக் கூட்டினால் நிழல் இன்னும் அழுத்தமாக விழுமே தவிர நீங்காது.

அதனால் சமையலறைக்கு இரண்டு விளக்கு, இரண்டு சுவிட்ச். பொதுவுக்கு ஒரு 20 வாட்ஸ் டியூப், அது உங்களுக்குப் பின்னால் இல்லாமல் பக்கவாட்டுச் சுவரில். மேடைக்கென்று லாஃப்டின் அடியில் இரண்டடி நீள 10 வாட்ஸ் டியூப் ஒன்று, லாஃப்டின் முன்விளிம்புக்கு உள்ளே தள்ளி, கண்ணில் படாதபடி சின்ன மறைப்போடு. காய் நறுக்குகிற இடத்துக்கும் சிங்குக்கும் மேலே வரட்டும். அடுப்புக்கு நேர் மேலே வேண்டாம், எண்ணெய்ப் பிசுக்கு ஏறி ஒரே வருடத்தில் மஞ்சளடித்துவிடும். 8க்கு 10 சமையலறைக்கு 200 லக்ஸ் என்று வைத்து முன்பு போலவே பெருக்கினால் 3,000 லூமென் வரும். இந்த இரண்டும் சேர்ந்து சரியாக அதைத் தருகின்றன. லாஃப்டுக்கு அடியில் போகும் பைப்பைச் சுவர் வெட்டும்போதே கேட்டு வாங்குங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு நினைவுக்கு வந்தால் ஒயரை வெளியே கேசிங் போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

மாமியார் அறைக்கு வருவோம். அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்குப் போய்ச் சேரும் ஒளி, இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பார்கள். புரை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு வெளிச்சம் நன்றாக உள்ளே போகும், ஆனால் பலருக்குக் கூச்சம் மிச்சமிருக்கும். ஆகவே அவருக்கு வெளிச்சம் கூடுதலாகவும் வேண்டும், விளக்கு நேராகக் கண்ணில் படவும் கூடாது. பளபளப்பான விட்ரிஃபைடு டைல்ஸ் போடுகிறீர்களா? டவுன்லைட் ஒவ்வொன்றும் அந்தத் தரையில் ஒரு வெள்ளைப் பொட்டாகத் தெரியும். வயதானவர்களுக்கு அது தண்ணீர் கொட்டிக் கிடப்பது போலவே இருக்கும், தயங்கித் தயங்கி நடப்பார்கள். ஒன்பது டவுன்லைட் வேண்டாம் என்பதற்கு ஃபேனைவிடப் பெரிய காரணம் எனக்கு இதுதான்.

அவர் அறையில் டியூப் கட்டிலின் தலைமாட்டுச் சுவரிலேயே, உயரத்தில் இருக்கட்டும். படுத்திருக்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது, கையிலிருக்கும் புத்தகத்துக்கும் மாத்திரை அட்டைக்கும் வெளிச்சம் வரும். எதிர்ச்சுவரில் வைத்தால் படுத்தவுடன் கண்ணுக்கு நேரே. இதையே எல்லா பெட்ரூமுக்கும் செய்யலாம். வாசல் பக்கம் ஒரு சுவிட்ச், தலைமாட்டில் ஒரு சுவிட்ச் என்று டூ-வே போடுங்கள். கட்டிலிலிருந்து பாத்ரூம் வரை தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு வாட்ஸ் ஃபுட் லாம்ப் ஒன்றோ இரண்டோ வையுங்கள். ஒன்று ராத்திரி பத்து மணி நேரம் எரிந்தாலும் மாதத்துக்கு யூனிட்டில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகாது. நள்ளிரவில் பெரிய விளக்கைப் போட்டு எல்லோரையும் எழுப்புவதா என்று தயங்கி இருட்டில் நடந்து விழுகிறவர்கள் எத்தனையோ பேர்.

பையனின் மேசைக்கு 300 லக்ஸ் வேண்டும். சீலிங்கிலிருந்து அதைக் கொடுக்கப் பார்க்காதீர்கள். மேசை உயரத்தில் ஒரு பிளக் பாயின்ட் வைத்து நல்ல டேபிள் லாம்ப் வாங்கிக்கொடுங்கள். வலது கையால் எழுதுகிறவன் என்றால் விளக்கு இடப்பக்கம். ஜன்னலும் இடப்பக்கம் அமைந்தால் பகலில் விளக்கே வேண்டாம். டேபிள் லாம்ப் எரியும்போது அறை விளக்கையும் அணைக்கச் சொல்லாதீர்கள். வெளிச்ச வட்டத்துக்கும் சுற்றிலும் உள்ள இருட்டுக்கும் கண் மாறி மாறிப் போவதுதான் அலுப்பைத் தரும்.

முகம் பார்க்கும் கண்ணாடிக்கு மேலே ஒற்றை விளக்கு வைத்தால் கண்ணுக்கடியில் நிழல் விழும். கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் முக உயரத்தில் ஒவ்வொன்று நல்லது. பாத்ரூமுக்கு மூடிய வகை விளக்கு, சுவிட்ச் வெளியே.

சாமி அலமாரியில் எதிர்ச்சுவர் டியூப் படத்தின் கண்ணாடியில் பிரதிபலித்து, முருகன் முகத்துக்குப் பதிலாக டியூப்தான் தெரிகிற வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அலமாரிக்குள்ளேயே முன்விளிம்பின் மேல் ஒரு சின்ன விளக்கைப் படத்தைப் பார்க்கத் திருப்பி மறைவாக வைத்தால் ஒளி படத்தில் விழும், பிரதிபலிப்பு கீழே போய்விடும். குத்துவிளக்கு ஏற்றுகிற இடத்துக்கு நேர் மேலே மட்டும் வேண்டாம், புகையும் சூடும் அதைச் சீக்கிரம் கெடுத்துவிடும்.

மாடிப்படிக்கு டூ-வே சுவிட்ச், கீழே ஒன்று, ஹெட்ரூமில் ஒன்று. விளக்கு லேண்டிங் சுவரில். இறங்கும்போது உங்கள் நிழல் நீங்கள் கால் வைக்கப்போகும் படியில் விழக் கூடாது, அதுதான் ஒரே விதி.

சுவிட்ச் போர்டுகள் பற்றி ஒன்று. பிளானில் கதவுக்கு வளைகோடு போடச் சொன்னது இதற்குத்தான். கதவைத் திறந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளும் போர்டு ஒன்றாவது இல்லாத வீடு அபூர்வம். கைப்பிடி இருக்கும் பக்கத்துச் சுவரில், நாலடி உயரத்தில் வையுங்கள்.

இனி ஒயர். விளக்குகளையெல்லாம் ஒரே எம்சிபியில் (லோடு கூடினால் தானாக விழும் சுவிட்ச்) மாட்டாமல் இரண்டு சர்க்யூட்டாகப் பிரியுங்கள். ஒன்று டிரிப் ஆனாலும் வீட்டில் பாதி எரியும். விளக்குக்கு 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயர், பிளக் பாயின்ட்களுக்கு 2.5, ஏசி, ஹீட்டருக்கு 4. மெயின் பக்கத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் விடவே கூடாது. இன்வெர்ட்டர் இப்போது வாங்காவிட்டாலும் அதற்கான லைனைத் தனியாக இழுத்து வையுங்கள். ஹாலில் ஒரு டியூப், ஒரு ஃபேன், சமையலறை மேடை விளக்கு, மாமியார் அறை, படி, பாத்ரூம் இவை போதும். இன்வெர்ட்டர் லைனுக்கு நியூட்ரலும் தனியாக வர வேண்டும் என்று எலக்ட்ரீஷியனிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். நியூட்ரலை மற்ற சர்க்யூட்டோடு கலந்துவிட்டால் ஆர்சிசிபி காரணமே தெரியாமல் விழுந்துகொண்டே இருக்கும், கடைசியில் யாராவது ஆர்சிசிபியையே கழற்றிவிட்டு நேர் கனெக்‌ஷன் கொடுத்துவிடுவார்கள். அது உயிருக்கு ஆபத்து.

2018 நவம்பரில் கஜா புயல் வந்த பிறகு உங்கள் பக்கத்தில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லாமல் இருந்தது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அத்தனை நாளுக்கு இன்வெர்ட்டர் தாங்காது. தண்ணீர் ஏற்றவும் செல்போன் சார்ஜ் போடவும் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் மின்வாரியக் கரண்டிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றிவிடும் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு இடமும் பைப்பும் விட்டு வையுங்கள். சேஞ்ச்ஓவர் இல்லாமல் பிளக்கில் செருகி ஜெனரேட்டரை ஓட்டினால் கரண்ட் திரும்பி லைனுக்குப் போகும், கம்பத்தில் ஏறி வேலை செய்கிற மின்வாரிய ஊழியரைக் கொன்றுவிடும்.

விளக்கு வாங்கும் கட்டம் வரும்போது வெள்ளையா மஞ்சளா என்ற கேள்வி. பெட்டியில் கெல்வின் என்று ஒரு எண் இருக்கும். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை, ஒன்றும் சொல்லாவிட்டால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பது இதைத்தான். 4000 நடுத்தரம். 3000 மஞ்சள். ஹால், சமையலறை, படிக்கும் இடம் இவற்றுக்கு 4000, பெட்ரூம், சாமி, வாசல் திண்ணைக்கு 3000 என்பது என் விருப்பம். மாமியாருக்கு 3000 மங்கலாக இருப்பதாகப் பட்டால் அவர் அறைக்கும் 4000 போடுங்கள், அவர் கண்தான் முடிவு செய்ய வேண்டும். திண்ணையில் மட்டும் 3000க்கு மேல் போகக் கூடாது என்ற பிடிவாதம் எனக்கு உண்டு. மழைக்காலத்தில் ஈசல் மொய்ப்பது நீல வெள்ளை விளக்கைத்தான் அதிகம். மஞ்சளுக்கும் வரும், குறைவாக வரும். ஒரே பார்வையில் தெரியும் இடத்தில் இரண்டு நிறத்தைக் கலக்காதீர்கள், இரண்டுமே அழுக்காகத் தெரியும்.

பெட்டியில் பார்க்க வேண்டிய இன்னொன்று சிஆர்ஐ. நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டுகிறது என்பதற்கான மதிப்பெண் அது. 80க்குக் குறைந்ததை வாங்காதீர்கள், கண்ணாடிக்கும் சமையல் மேடைக்கும் 90 கிடைத்தால் நல்லது. குங்குமத்தையும் பட்டுப்புடவையின் அரக்கையும் விளக்கின்கீழ் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். வாட்ஸைப் பார்க்காமல் லூமெனைப் பாருங்கள், பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். கடையிலேயே எரியவிட்டு செல்போன் கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்துப் பிடியுங்கள். பட்டை பட்டையாக ஓடினால், உள்ளே கரண்டை எல்இடிக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்கும் டிரைவர் மலிவானது, விட்டுவிடுங்கள். எல்இடி விளக்கு போவதில் பெரும்பாலும் போவது எல்இடி இல்லை, சூட்டிலும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்திலும் அந்த டிரைவர்தான். அதைத் தனியாக மாற்ற முடிகிற வகையையே கேளுங்கள். மஸ்கட்டிலிருந்து கொண்டுவரும் விளக்கு இங்கே எரியும், வோல்டேஜ் பிரச்சினை இல்லை. டிரைவர் போனால் மட்டும் அதே ஜோடியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

கணவர் ஆசைப்படும் மறைவு விளக்கு அழகுதான், மறுக்கவில்லை. அது விருந்தாளி வரும்போதும் டிவி பார்க்கும்போதும் போடுகிற விளக்கு, படிப்பதற்கோ பூத்தொடுப்பதற்கோ உதவாது. ஸ்ட்ரிப் விளக்கின் பள்ளத்தில் தூசியும் பல்லி எச்சமும் சேரும், துடைக்கக் கை போகிற அகலம் இருக்க வேண்டும். 10 அடி உயரத்தில் ஆறிலிருந்து ஒன்பது அங்குலம் குறையும், ஃபேனும் அந்த அளவுக்குக் கீழே வரும். ஹால் முழுக்கப் போடாமல் சுவரோரம் மட்டும் ஒன்றரை அடிக்குப் போட்டால் நடுவில் உயரம் குறையாது, ஃபேனையும் தொட வேண்டியதில்லை. ஸ்ட்ரிப்புக்குக் கரண்ட் கொடுக்கும் சப்ளை பெட்டியைப் பலகைக்குள் புதைத்துவிடாமல், கை எட்டும் மூடியோடு வைக்கச் சொல்லுங்கள்.

அதற்கு அவசரமும் இல்லை. டியூப்களையும் மேடை விளக்கையும் ஃபுட் லாம்பையும் மாட்டிக்கொண்டு பால் காய்ச்சிக் குடி போங்கள். சுவர் விளக்குப் பாயின்ட்களில் தற்காலிகமாக ஹோல்டரும் ஒரு 9 வாட்ஸ் பல்பும் போதும். சோபா எங்கே நிலைத்தது, மாமியார் சாயங்காலம் எங்கே உட்கார்கிறார், பையன் உண்மையில் மேசையில் படிக்கிறானா ஹாலில் தரையில் படிக்கிறானா என்பதெல்லாம் குடியிருந்த பிறகுதான் தெரியும். கணவர் அடுத்த லீவில் வரும்போது அந்த மூடி போட்ட பாக்ஸைத் திறந்துகொள்ளலாம்.